பாக்கின் கண்களும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய டாக்டரும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்பதான் கவனிச்சேன், அப்பா பேப்பரை ஜன்னல் பக்கம் சாய்ச்சு சாய்ச்சுப் படிக்கிறார். ரெண்டு கண்ணிலும் புரை. வலது கண் முத்திப்போச்சு, தள்ளிப் போடாதீங்கன்னு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற தம்பியே சொல்லிட்டார். அப்பாவுக்குப் பதினைஞ்சு வருஷமா சர்க்கரை வேற. அன்னிக்கு ராத்திரியே வீட்டில் மாநாடு கூடிடுச்சு: யார்கிட்ட ஆபரேஷன் பண்றது?

சித்தப்பா ஒருத்தர் பேரைச் சொன்னார். காரணம், அவர் ஒரு மந்திரிக்கே பண்ணினவராம். அத்தை இன்னொருத்தர் பேரைச் சொன்னாங்க. அத்தையோட நாத்தனாருக்குக் கட்டைப் பிரிச்ச மறுநாளே ஊசியில நூல் கோர்க்க முடிஞ்சுதாம். அம்மாவுக்கு ஒரே ஒரு கேள்விதான், "கைராசிக்காரரா?" நான் என் பங்குக்கு செல்போனை எடுத்து வச்சுக்கிட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை ஸ்டார்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். பொட்டி தட்டுறவனுக்கு வேற என்ன தெரியும்?

தூக்கம் வராம கண் ஆபரேஷன் வரலாறைத் தேடிப் படிக்கப் போய், கடைசியில் செபாஸ்டியன் பாக் வீட்டு வாசல்ல போய் நின்னேன். ஆமாம், அதே பாக்தான். நம்ம இளையராஜா 1986-ல் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் பாக்கைத் தன் வீட்டில் சந்திச்சதா ஒரு இசைக்கோவையே போட்டிருப்பாரே, அவர். அவரும் இதே கேள்வியில மாட்டிக்கிட்டவர்தான்.

1749-ல் பாக் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் இருந்தார். 1723-லிருந்து அங்கேதான் வேலை. புனித தாமஸ் தேவாலயப் பள்ளியில் பசங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கணும், ஊரில் உள்ள முக்கியமான கோயில்களுக்கெல்லாம் இசைக்குப் பொறுப்பு ஏத்துக்கணும். வயசு 64. கண் மங்கிக்கிட்டே வருது. சின்ன வயசிலேயே அப்பா அம்மாவை இழந்து அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். அண்ணன் பூட்டி வச்சிருந்த இசை நோட்டை அலமாரிக் கம்பி இடுக்கு வழியா உருவி எடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாசம் உக்காந்து காப்பி பண்ணினார்னு ஒரு கதை உண்டு. (காப்பி முடிஞ்சதும் அண்ணன் கண்டுபிடிச்சு அதையும் பிடுங்கிக்கிட்டார், பாவம்.) பொறந்ததிலிருந்தே கொஞ்சம் பலவீனமான கண், அதை ராத்திரி ராத்திரியா எழுதி எழுதி இன்னும் கெடுத்துக்கிட்டார்னு அவர் மகனும் மாணவரும் சேர்ந்து எழுதி 1754-ல் வெளிவந்த அஞ்சலிக் கட்டுரை சொல்லுது.

அந்த நேரத்தில் ஒரு கொடுமை நடந்தது. 1749 ஜூன் 8-ஆம் தேதி, பாக் உயிரோட, அதே ஊரில் இருக்கும்போதே, அவருடைய வேலைக்கு அடுத்த ஆளைத் தேர்வு பண்ண ஒரு கச்சேரி வச்சாங்க. காட்லோப் ஹாரர்னு ஒருத்தர். சாக்ஸனி நாட்டின் பெரிய மந்திரி புரூலோட சிபாரிசு. பாக் ‘ஒருவேளை’ காலமாகிட்டா அந்த இடத்துக்கு ஆள் ரெடியா இருக்கணுமாம்! அலுவலகத்தில் நாம சீட்டில் உக்காந்திருக்கும்போதே நம்ம சீட்டுக்கு இன்டர்வியூ நடத்தின மாதிரி. கண்ணு தெரியாத இசை ஆசிரியருக்கு ஊர்ல என்ன மரியாதைன்னு அவருக்கு அன்னிக்கே புரிஞ்சிருக்கும்.

இந்த நிலைமையில்தான் 1750 மார்ச் கடைசியில் லைப்சிக்குக்கு ஒரு கோச்சு வண்டி வந்து சேர்ந்தது. வண்டி முழுக்கக் கண் கண்ணா வரைஞ்சிருக்கும். உள்ளே ஷெவாலியர் ஜான் டெய்லர். ‘ஷெவாலியர்’ங்கிறது அவர் பேருக்கு முன்னாடி தானே மாட்டிக்கிட்ட பட்டம்.

டெய்லரைச் சும்மா போலி டாக்டர்னு ஒதுக்கிட முடியாது. அதுதான் விஷயத்தின் சிக்கலே. 1703-ல் இங்கிலாந்தில் நார்விச்சில் பிறந்தவர். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் செசல்டன்னு அந்தக் காலத்தின் தலைசிறந்த சர்ஜன்கிட்ட தொழில் கத்துக்கிட்டவர். 1727-ல் கண்ணின் அமைப்பைப் பத்தி ஒரு புத்தகம் போட்டார். 1736-ல் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜார்ஜுக்கு அரசவைக் கண் வைத்தியர். படிப்பு இருக்கு, புத்தகம் இருக்கு, ராஜா பட்டயம் இருக்கு. எங்க சித்தப்பா அந்த ஊர்ல இருந்திருந்தா வேற யாரையும் பார்க்கவே விட்டிருக்க மாட்டார்.

அவர் ஊருக்குள்ள வர்றதே ஒரு திருவிழா. முன்கூட்டியே விளம்பரம் போயிடும். வந்ததும் முதல்ல கையில கத்தி எடுக்க மாட்டார், பெரிய மனுஷங்களைக் கூட்டி வச்சு லெக்சர். அந்த லெக்சரில் லத்தீன் மாதிரி வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் கொண்டுபோய் வச்சு இங்கிலீஷ் பேசுவாராம். (அதாவது நம்ம தமிழ் மாதிரி. நாம பேசினா சாதாரணம், வெள்ளைக்காரர் பேசினா பாண்டித்தியம்.)

கையிலும் சாமர்த்தியம் உண்டு, வாயிலும் உண்டு. மாறுகண்ணுக்கு அவர் பண்ணின வைத்தியத்தைக் கேளுங்க. மாறுகண் மேல சின்னதா ஒரு கீறல் போடுவார். அப்புறம் ‘நல்ல’ கண்ணைக் கட்டிடுவார். நல்ல கண்ணை மூடினா இந்தக் கண்ணுதானே பார்த்தாகணும், அது தானா நேரா வந்து நிக்கும். சுத்தி நிக்கிறவங்க ஆஹான்னு கை தட்டுவாங்க. கட்டை அவிழ்த்தா திரும்பிப் பழைய இடத்துக்கே போயிடும். ஆனா கட்டை அவிழ்க்கச் சொன்ன நாளில் டெய்லர் அடுத்த ஊரில் இருப்பார்.

புரை விஷயத்திலும் இதே கதைதான், ஆனா இங்கே ஆபத்து பெரிசு. அந்தக் காலத்தில் புரையை வெளியே எடுக்க மாட்டாங்க. கண்ணின் ஓரமா ஒரு ஊசியை உள்ளே விட்டு, மங்கிப்போன லென்ஸைப் பாப்பாவுக்கு நேரா இருக்கிற இடத்திலிருந்து கீழே அழுத்தித் தள்ளி விடுவாங்க. நம்ம சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிற பழைய முறை. மரத்துப்போற மருந்து கிடையாது (கண்ணை மரத்துப்போக வைக்கும் கோகெய்ன் சொட்டு 1884-ல் தான் வந்தது). பின்னாடி ஒருத்தர் தலையைப் பிடிச்சுக்குவார். நாலைஞ்சு நிமிஷத்தில் முடிஞ்சிடும். ஊசி வெளியே வந்த அந்த நொடியே பல பேருக்கு வெளிச்சம் தெரியும், எதிரே இருக்கிறவங்க விரலைக் காட்டினா எத்தனைன்னு சொல்லுவாங்க. ஜன்னலை மறைச்ச திரைச்சீலை கீழே விழுந்த மாதிரி.

ஆனா அந்த லென்ஸ் எங்கேயும் போகலை, கண்ணுக்குள்ளேயேதான் கிடக்கு. சில சமயம் மிதந்து மேலே வரும். உடைஞ்சு கசிஞ்சா உள்ளே அழற்சி, கண் அழுத்தம் ஏறும். ஊசி சுத்தமா இல்லைன்னா சீழ். இதெல்லாம் தெரிய ஒரு வாரமோ ஒரு மாசமோ ஆகும். முதல் அரை மணி நேரத்தில் எல்லா ஆபரேஷனும் வெற்றிதான்!

பாக்குக்கு டெய்லர் மார்ச் கடைசி நாட்களில் கத்தி வச்சார். ஏப்ரல் 1 தேதியிட்ட பெர்லின் பத்திரிகையில் செய்தி வந்துடுச்சு: டெய்லர் கச்சேரி மண்டபத்தில் படிச்சவங்க முன்னாடி பேசினார், உதவி கேட்டு ஜனங்க குவியறாங்க, கப்பல்மைஸ்டர் பாக்குக்கு ஆபரேஷன் பண்ணி அவருக்குக் கண்ணின் முழுக் கூர்மையும் திரும்பிடுச்சுன்னு. ஒரு சில நாளில் எழுதின செய்தி. அத்தையோட நாத்தனார் ஊசியில நூல் கோர்த்த செய்தி மாதிரின்னு வச்சுக்கங்க.

அடுத்த வாரமே ரெண்டாவது தடவை ஆபரேஷன் பண்ண வேண்டியதாச்சு. முதல் தடவை நிக்கலை. டெய்லர் பெட்டியைக் கட்டிக்கிட்டு பெர்லின் பக்கம் கிளம்பிட்டார். பாக்குக்குப் பார்வை மொத்தமா போச்சு. அதோட போகலை. அதுவரைக்கும் திடமா இருந்த உடம்பே ஆபரேஷனாலும் கூடக் கொடுத்த மருந்துகளாலும் நிலைகுலைஞ்சு, ஆறு மாசத்துக்கிட்ட படுக்கையிலேயே கிடந்தார்னு அஞ்சலிக் கட்டுரை சொல்லுது. சாவுக்குப் பத்து நாள் முன்னாடி ஒரு காலையில் திடீர்னு கண்ணு தெரிஞ்சதாம், வெளிச்சத்தையும் தாங்க முடிஞ்சதாம். சில மணி நேரத்தில் பக்கவாதம். 1750 ஜூலை 28 சாயங்காலம் காலமானார். வேலைக்கு ஹாரர் வந்து சேர்ந்தார்.

அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்தினது ஒரே ஒரு தகவல்தான். பாக் ஏன் டெய்லர்கிட்ட போனார்? கடவுளுக்கும் மத்தவங்களுக்கும் இன்னும் உழைக்கணும்ங்கிற ஆசை ஒண்ணு. ஊருக்குப் புதுசா வந்திருந்த அந்தக் கண் வைத்தியர் மேல ரொம்ப நம்பிக்கை வச்சிருந்த நண்பர்கள் சொன்னது இன்னொண்ணு. நண்பர்கள்! அவங்க என்ன தப்பு பண்ணினாங்க? டெய்லருடைய பட்டயத்தைப் பார்த்தாங்க, லெக்சரைக் கேட்டாங்க, நேத்து ஆபரேஷன் முடிஞ்சு வெளிச்சம் தெரியுதுன்னு சொன்னவனைப் பார்த்திருப்பாங்க. கண்ணால பார்க்கக் கூடிய எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க. இதுக்கு முந்தின ஊரில் டெய்லர் கத்தி வச்சவங்க மூணு மாசம் கழிச்சு எப்படி இருக்காங்கங்கிற ஒண்ணை மட்டும் பார்க்க வழியே இல்லை. அந்தக் கணக்கு யார்கிட்டயும் கிடையாது. டெய்லர்கிட்டயே கிடையாது.

இல்லைன்னு எப்படிச் சொல்றேன்னா, 1761-ல் அவர் எழுதின சுயசரிதை இருக்கு. அதில் லைப்சிக்கில் 88 வயசு இசை மேதை ஒருத்தருக்குத் தன் கையால பார்வை கொடுத்ததா எழுதறார். அவர்கிட்டதான் ஹேண்டல் முதல்ல இசை படிச்சார்னும் சேர்த்துக்கறார். பாக்குக்கு வயசு 65. ஹேண்டலும் பாக்கும் அதே 1685-ல் பிறந்தவங்க, வாழ்நாளில் ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கிட்டது இல்லை. பார்வை கொடுத்தேன்ங்கிறதும் பொய். ஆனா அவர் வேணும்னே பொய் சொன்னாரான்னு எனக்கு இப்பவும் சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்க்காதவனுக்கு எல்லா கேஸும் கடைசியா பார்த்த நிலையிலேயே உறைஞ்சு நிக்கும். டெய்லர் மனசில் பாக் இன்னும் விரலை எண்ணிக்கிட்டுதான் இருந்திருப்பார்.

ஹேண்டல் கதை வேற மாதிரி. 1751 பிப்ரவரி 13-ஆம் தேதி ‘ஜெப்தா’ எழுதிக்கிட்டு இருக்கும்போது, இடது கண் மங்கினதால மேலே எழுத முடியலைன்னு கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ஜெர்மன் மொழியில் குறிச்சு வச்சார். அவர் லண்டன்வாசி, காசும் இருந்தது. ஆஸ்பத்திரி சர்ஜன்களையே பார்த்தார். கைஸ் ஆஸ்பத்திரியின் சாமுவேல் ஷார்ப் பார்த்தார், 1752 நவம்பரில் வில்லியம் பிரோம்ஃபீல்ட் ஊசி போட்டார். பிரயோஜனம் இல்லை. சில வருஷம் கழிச்சு, 1758-ல், டெய்லரும் கை வச்சுப் பார்த்ததா சொல்றாங்க. டெய்லரோட சுயசரிதைப்படி, திரையை விலக்கிப் பார்த்தா உள்ளே அடிப்பகுதியே கெட்டிருந்ததாம். அதாவது புரைக்குப் பின்னாடி இருக்கிற விழித்திரையோ நரம்போ வேலை செய்யலை. இதில் டெய்லர் சொன்னது சரியாக்கூட இருக்கலாம். ஆனா அதைக் கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிக்கிறவன்தானே வைத்தியன்? (அன்னிக்கு அதுக்கான கருவி கிடையாதுங்கிறதையும் நியாயத்துக்குச் சொல்லணும். கண்ணுக்குள்ளே பார்க்கிற ஆப்தல்மாஸ்கோப்பை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் தான் அறிவிச்சார்.)

இதில் இன்னொரு வயித்தெரிச்சல் உண்டு. பாக்குக்கு ஆபரேஷன் நடக்கிறதுக்கு மூணு வருஷம் முன்னாடி, 1747-ல், பிரான்ஸில் ஜாக் டேவியல்னு ஒரு சர்ஜன் புரையைக் கீழே தள்ளாம, கருவிழியின் கீழ்ப்பக்கம் வெட்டித் திறந்து லென்ஸையே வெளியே எடுத்துட்டார். இன்னிக்கு நாம பண்றதுக்கெல்லாம் மூலம் அதுதான். அவர் எத்தனை பேருக்குப் பண்ணினேன், எத்தனை பேருக்குச் சரியாச்சுன்னு எண்ணிக்கையோட பாரிஸ் சர்ஜரி அகாடமிக்கு எழுதினார். அந்தக் கட்டுரை அச்சில் வந்தது 1753-ல். பாக் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு.

டேவியலோட வெட்டு பெரிய சாதனைன்னு எல்லா புத்தகமும் சொல்லுது. என்னைக் கேட்டா அந்த எண்ணிக்கை அதைவிடப் பெரிசு. தோத்ததையும் சேர்த்து எழுதினால்தானே அடுத்த ஆள் ரெண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? பக் லிஸ்ட் வச்சுக்காத டீம் எழுதின சாஃப்ட்வேரை நான் தொடவே மாட்டேன். (சரி சரி, தொழில் புத்தி.)

நம்ம ஊருக்கு வருவோம். இங்கேயும் ஊசி வைத்தியர்கள் கிராமம் கிராமமா சுத்திக்கிட்டு இருந்தாங்க, இருபதாம் நூற்றாண்டிலும்கூட. ஆனா கணக்கு எழுதி வைக்கிற பழக்கமும் இங்கே சீக்கிரமே வந்திருக்கு. தஞ்சாவூர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) காலத்துக் கண் சிகிச்சைக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கு. நோயாளி யாரு, என்ன கோளாறு, என்ன பண்ணினாங்கன்னு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா குறிப்பு, கூடவே கண்ணை வண்ணத்தில் படமா வரைஞ்சு வச்சிருக்காங்க. ராஜாவே கத்தி பிடிச்சாரா, பக்கத்தில் இருந்த வைத்தியர் பிடிச்சாரான்னு சண்டை போடறவங்க போட்டுக்கட்டும். அந்தக் கண்ணை உக்காந்து பார்த்து வரைஞ்சாரே ஒரு ஓவியர், எனக்கு அவர்தான் ஹீரோ. இந்த ஆளுக்கு இப்படி இருந்ததுன்னு யாரும் பிறகு மாத்திச் சொல்ல முடியாது.

அப்புறம் மெட்ராஸ். கிழக்கிந்தியக் கம்பெனி 1819-ல் ஆரம்பிச்ச கண் ஆஸ்பத்திரி, இன்னிக்கும் எழும்பூரில் இருக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கண்காணிப்பாளரா இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், ஊசி வைத்தியர்களிடம் போய்ட்டு வந்த கண்களையெல்லாம் ஒவ்வொண்ணா பதிவு பண்ணினார். நூத்துக்கணக்கில். எடுக்க வேண்டியதாகிப்போன கண்களை வெட்டிப் பார்த்து, லென்ஸ் உள்ளே எங்கே கிடக்கு, எதனால் பார்வை போச்சுன்னு எழுதினார். 1917-ல் லண்டனில் அதைப் பத்தி ஹண்டேரியன் சொற்பொழிவு, அப்புறம் புத்தகம். ஊசி வைத்தியர் ஊரை விட்டுப் போன பிறகு என்ன ஆச்சுங்கிற கதையை முதல் தடவையா அவ்வளவு விரிவா எழுதினது மெட்ராஸ்லேர்ந்துதான்னு நினைக்கும்போது கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு. ஒரு குறையும் சொல்லணும். ஆஸ்பத்திரிக்கு வந்தது பெரும்பாலும் தோத்துப்போன கேஸ்தானே? நல்லா ஆனவன் எதுக்கு எழும்பூர் வரைக்கும் வரப் போறான்? ஸ்டார் எண்ணிக்கிட்டு இருந்த எனக்கு இது உறைச்சுது. கோபம் வந்தவனும் குஷியானவனும்தான் அங்கே எழுதறான், நடுவில் இருக்கிறவன் கண்ணாடியை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிடறான்.

அம்மாவோட கைராசிக்கும் ஒரு பதில் கிடைச்சுது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் 11 படுக்கையோட ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு இளம் வயசிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப் போயிடுச்சு. அந்த விரலை வச்சுக்கிட்டே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேல ஆபரேஷன் பண்ணினவர். அம்மாகிட்ட சொன்னேன். "அதுதான்டா கைராசி"ன்னுட்டாங்க. வாதத்தில் ஜெயிக்க முடியாத ஆள்.

லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியையும் விட்டுடக் கூடாது. டெய்லர் தொழில் படிச்ச அதே ஆஸ்பத்திரியில்தான் 1949 நவம்பர் 29-ல் ஹரோல்ட் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள்ளே வச்சார். இன்னிக்கு அப்பா கண்ணில் இருக்கிறதும் அந்த வம்சம்தான்.

ஆமா, ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. ரெண்டு டாக்டரைப் பார்த்தோம். முதல் டாக்டர் ரெண்டே நிமிஷம் பார்த்துட்டு, "பத்தே நிமிஷ வேலை, மறுநாளே பளிச்னு தெரியும்"னார். சர்க்கரை இருக்கிறவங்களுக்கு நீங்க பண்ணினதில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்திருக்குன்னு கேட்டேன். முகம் சுருங்கிடுச்சு. "நம்பிக்கை இருந்தா வாங்க தம்பி." அப்பா வெளியே வந்து என்னைத் திட்டினார், பெரிய டாக்டரை அப்படியா கேட்கிறதுன்னு.

ரெண்டாவது ஒரு அம்மா. மந்திரி யாரும் அவங்ககிட்ட பண்ணிக்கிட்டதா தகவல் இல்லை. சொட்டு மருந்து விட்டு முக்கா மணி நேரம் உக்கார வச்சு, பாப்பா விரிஞ்ச பிறகு விழித்திரையைப் பார்த்தாங்க. "புரையை எடுத்துடலாம். ஆனா உள்ளே சர்க்கரையால கொஞ்சம் கசிவு இருக்கிற மாதிரி தெரியுது. முதல்ல அதை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடுவோம். முழுப் பார்வை வரும்னு இன்னிக்கு நான் சொல்ல மாட்டேன்"னாங்க. என் கேள்வியை அவங்ககிட்டயும் கேட்டேன். சிரிச்சுட்டு கம்ப்யூட்டர் திரையை எங்க பக்கம் திருப்பினாங்க. ஒவ்வொரு பேருக்கும் நேரா மறுநாள், ஒரு வாரம், ஒரு மாசம்னு கட்டம் கட்டமா பார்வை அளவு. சில கட்டம் சிவப்பா இருந்தது. "அது என்ன மேடம்?" "வரச் சொன்ன நாள்ல வராதவங்க. போன் பண்ணிக் கூப்பிடணும்."

வலது கண் முடிஞ்சு மூணு வாரம் ஆகுது. அடுத்த வியாழக்கிழமை ஒரு மாச செக்கப். அப்பா தானே காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கார், இடது கண்ணைக் கையால மூடிக்கிட்டு.